சாவி என்னிடம்தான் இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதங்களில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். பல்கலைக்கழகங்களில் இப்போது பெண் பிள்ளைகள்தான் கூடுதல், அறிவியல் படிப்பிலும் அவர்கள்தான் முந்தி நிற்கிறார்கள், அதனால் பெண்களுக்குச் சமவாய்ப்பு என்ற பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கெட்டுப்போகும் பையன்களைக் கவனியுங்கள் என்பது அவர் வாதம். பசியாறிக்கொண்டே படித்தேன். இரண்டாவது தோசை ஆறிப்போனதுதான் மிச்சம்.

அவர் சொன்னதில் பாதி சரி. நம் மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் மாணவிகள்தான் அதிகம். உலக அளவில் ஆராய்ச்சியாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் பெண் என்கிறது யுனெஸ்கோ. மலேசியாவில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெண்கள். ஜப்பானில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. பையன்களைப் பற்றிய கவலையும் நியாயமானதே. செந்தூலில் என் வீட்டுக்குக் கீழே மோட்டார் சைக்கிளைச் சுற்றி இரவெல்லாம் நிற்கும் பிள்ளைகளை நானும் பார்க்கிறேன்.

மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் விஞ்ஞானி இல்லை. விஞ்ஞானிகளுக்குக் கண்ணாடிப் பாத்திரம் கழுவியவன். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் உயர்கல்விக்கூடத்தில் உயிரியல் ஆய்வுக்கூட உதவியாளராக 38 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றேன். ஆட்டோகிளேவ் என்னும் கிருமி கொல்லும் நீராவிப் பாத்திரத்தில் 121 டிகிரியில் சாமான்களை அவித்து எடுப்பது, திரவ நைட்ரஜன் டாங்கிக்கு அளவு பார்ப்பது, மைனஸ் 80 ஃப்ரீசர் நடுராத்திரியில் கத்தினால் எழுந்து ஓடுவது, இவைதான் என் வேலை. சேர்ந்த புதிதில் மாணவர்கள் என்னை அண்ணன் என்றார்கள். தலை நரைத்ததும் அங்கிள் ஆனேன். மலாய்க்காரப் பிள்ளைகள் மட்டும் கடைசிவரை 'பாங்' (மலாயில் அண்ணன்) என்று கூப்பிட்டு வயதைக் குறைத்து வைத்தார்கள்.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. இரவுச் சாவி என்னிடம்தான் இருந்தது.

மாலை ஏழு மணிக்கு மேல் கருவி அறைக்குப் போகிறவர் என்னிடம் வந்து நீல அட்டைப் பதிவேட்டில் பெயர், மெட்ரிக் எண் (மாணவர் பதிவு எண்), நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும். அந்த அறையில் கன்போகல் மைக்ரோஸ்கோப் ஒன்று இருந்தது. லேசர் ஒளியால் செல்லை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும். வீட்டு விலைக்கு வாங்கியது. முழுத் துறைக்கும் அது ஒன்றுதான். பகல் நேரத்தை விரிவுரையாளர்களும் அவர்களுடைய பெரிய திட்டங்களும் எடுத்துக்கொள்ளும். மாணவருக்கு இரண்டு மணி நேரம் கிடைக்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை மட்டும் காலியாகக் கிடக்கும்.

அந்த நேரத்தை நான் பெண் பிள்ளைகளுக்குக் கொடுத்ததே இல்லை.

எந்தச் சுற்றறிக்கையிலும் அப்படி ஒரு விதி கிடையாது. அப்போதைய துறைத் தலைவர் ஒருநாள் தேநீர் குடித்துக்கொண்டே, "பெண் பிள்ளைகளை ராத்திரியில் விடாதே, ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்றார். அவர் அதை மறந்தும் போயிருப்பார். நான் பதினைந்து ஆண்டு காப்பாற்றினேன். காரணம் இல்லாமல் இல்லை. கார் நிறுத்துமிடத்தில் பாதி விளக்கு எரியாது, பஸ் நிற்கும் இடத்துக்கு இருட்டில் நடக்க வேண்டும், தெருநாய் வேறு. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். தப்பு செய்கிறோம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

பேராக் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் விடவில்லை. முனைவர் பட்ட மாணவி. மூன்று தடவை வந்து கேட்டார். மூன்றாம் தடவை நான், "உங்கள் அப்பாவாக இருந்தால் இந்த நேரத்துக்கு விடுவாரா?" என்றேன். "அங்கிள், அப்பா விட்டதால்தான் இங்கே நிற்கிறேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. சாவியும் கொடுக்கவில்லை.

அவருடன் ஒரே நாளில் சேர்ந்த பையன் ஒருவர் இருந்தார். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. வாரத்தில் மூன்று நான்கு இரவு வருவார், சாவி வாங்குவார், மறுநாள் காலையில் கண் சிவந்து வருவார். படங்கள் சேர்ந்தன, கட்டுரை வந்தது, அந்தப் பெண்ணுக்கு எட்டு மாதம் முன்னால் ஆய்வேட்டை ஒப்படைத்தார். அந்த ஆண்டு துறையில் ஒரே ஒரு விரிவுரையாளர் இடம் காலியானது. யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நேர்காணலில் கட்டுரைகளை எண்ணினார்கள், அவரிடம் கூடுதலாக இருந்தன. அந்த எண்ணிக்கைக்கு முன்னால் ஒரு பூட்டு இருந்தது நேர்காணல் குழுவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் இப்போது ஆய்வுக்கூடப் பொருள்கள் விற்கும் கம்பெனியில் இருக்கிறார். ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு விலைப்பட்டியலோடு எங்கள் துறைக்கே வந்தார். "அங்கிள், சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுக் கருவி அறைக் கதவை ஒரு நொடி பார்த்தார். கதவில் அப்போது அட்டை தட்டித் திறக்கும் பூட்டு வந்துவிட்டது. இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பூர்வீகம் பினாங்கு. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வட்டாரம் திறந்த பிறகு கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களிலும் தோட்டத்திலும் இருந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அக்கா 18 வயதில் போனார். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை 'சிப்' எனப்படும் சில்லில் ஒட்டும் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு.

அன்றைய சட்டத்தை இன்று நினைத்தால் சிரிப்பு வரும். வேலைவாய்ப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, தொழில், விவசாய நிறுவனங்களில் பெண்களை இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்றது. ஆனால் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விலக்கு அளிக்கலாம். தொழிற்சாலைகள் விலக்கு வாங்கிக்கொண்டன. அந்தப் பிரிவு 2023 ஜனவரியில்தான் அடியோடு நீக்கப்பட்டது. ஆக, மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் ஒரு பெண் இரவில் உட்காரலாமா கூடாதா என்ற கேள்விக்கு இந்த நாடு என் அக்கா காலத்திலேயே பதில் சொல்லிவிட்டது. சில்லு ஏற்றுமதிக்கு என்றால் உட்காரலாம். பேக்டரி பஸ் வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கும். எங்கள் அம்மா விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார், பஸ் சத்தம் கேட்டதும் படுத்துவிடுவார்.

அந்த அக்காவின் தம்பி நான். தொழிற்சாலைக்காரன் பஸ் விட்டான், நான் பூட்டுப் போட்டேன். இரவு பத்து மணிக்கு ஒரு வேன், கார் நிறுத்துமிடத்துக்கு நாலு விளக்கு. இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுத எனக்கு அத்தனை ஆண்டில் தோன்றவில்லை. தலைவருக்கும் தோன்றவில்லை. பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது சுலபம், செலவும் இல்லை.

நம்மவர்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சர் சி.வி. ராமன் திருச்சியில் பிறந்தவர், 1930-இல் நோபல் பரிசு பெற்றவர், நமக்கெல்லாம் பெருமை. 1933-இல் கமலா சொஹோனி என்ற பெண் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தபோது, பெண் என்பதற்காக அவர்தான் மறுத்தார். கமலா விடாமல் நேரில் போய் நின்றதால் நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஓராண்டு சோதனைக் காலம், வழிகாட்டி சொன்னால் இரவு வெகுநேரம் வரை வேலை செய்ய வேண்டும், ஆய்வுக்கூடத்தின் சூழலைக் கெடுக்கக் கூடாது. கடைசி நிபந்தனையை எந்தப் பையனுக்காவது போட்டார்களா? ஓராண்டு கழிந்ததும் ராமன் மனம் மாறி மற்றப் பெண்களையும் சேர்த்தார். கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார், பிற்பாடு நாம் குடிக்கும் பதநீரின் சத்தையே ஆராய்ந்தார்.

ராமனிடமே ஆராய்ச்சி செய்த அன்னா மணியின் கதை வேறு மாதிரி. வைரமும் மாணிக்கக்கல்லும் ஒளிர்வதைப் பற்றி ஆய்வேடு எழுதிக் கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை என்று பல்கலைக்கழகம் பட்டத்தைத் தரவில்லை. அவர் அதற்கு அழுதுகொண்டிருக்கவில்லை, இந்திய வானிலைத் துறைக்குப் போய்ச் சூரிய ஒளியையும் காற்றையும் அளக்கும் கருவிகளை உருவாக்கினார்.

கமலாவுக்கு இரவிலும் வேலை செய் என்று நிபந்தனை. என்னிடம் வந்த பெண்ணுக்கு இரவில் வேலை செய்யாதே என்று நிபந்தனை. எழுபது ஆண்டு இடைவெளியில் உத்தரவு தலைகீழாகியிருக்கிறது, உத்தரவு போடுகிறவர் மட்டும் மாறவில்லை.

சரி, அன்பர் கேட்பார்: அதெல்லாம் பழைய கதை, இப்போதுதான் அட்டை தட்டினால் கதவு திறக்கிறதே? திறக்கிறது. என் மருமகளும் ஓர் ஆராய்ச்சியாளர்தான். அட்டை வைத்திருக்கிறார். அவர் கதையைக் கேளுங்கள்.

அவர் வளர்ப்பது புற்றுநோய்ச் செல்கள். குடுவைக்குள் மீடியம் என்னும் இளஞ்சிவப்புச் சத்துநீரில், 37 டிகிரியில் இருக்கும். இரண்டு மூன்று நாளில் சத்தெல்லாம் தின்றுவிட்டு அந்த நிறம் மஞ்சளாகும். மஞ்சளானால் பசி என்று அர்த்தம், உடனே மாற்ற வேண்டும். செல்லுக்கு ஞாயிறு தெரியாது, தீபாவளி தெரியாது. ஒரு தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சாமி கும்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு லேப்புக்குக் கிளம்பிவிட்டார். முறுக்கோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா, "மருமகள் எங்கே?" என்றார். என் நாலு வயதுப் பேரன், "அம்மா செல்லுக்குச் சாப்பாடு போடப் போயிருக்காங்க" என்றான். அந்த அம்மாள் போலீஸ் லாக்கப் என்று நினைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "யாரைப் பிடிச்சு வெச்சிருக்காங்க?" என்றார்.

சிரித்தோம். ஆனால் அவர் போனபிறகு நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நல்ல நாளும் அதுவுமா..." என்று ஆரம்பித்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டார்: "உங்க லேப்புல ஒரு சீனப் பையன் சீனப் பெருநாள் அன்னைக்கும் வந்து வேலை செஞ்சான்னு பத்து நாள் புகழ்ந்தீங்களே, அது என்ன?" நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டேன். உங்கள் பத்திரிகைதான்.

மருமகளுக்கு வயது 33. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. மானியம் முடிந்தால் வேலையும் முடியும். பொதுவாக முனைவர் பட்டம் வாங்கும்போது எவருக்கும் 28, 29 வயது. நிரந்தர இடம் கிடைக்கிறதா இல்லையா என்பது அதற்கடுத்த ஆறேழு ஆண்டில் முடிவாகிவிடும். கல்யாணம், பிள்ளை, மாமியாருக்கு முட்டி ஆபரேஷன், எல்லாம் வருவதும் அந்த ஆறேழு ஆண்டில்தான். பையன்களுக்கும் அந்த வயது வருகிறது. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பராமரிப்பு நிலையத்திலிருந்து போன் வந்தால் முதலில் யாருக்கு வருகிறது? என் மகனுடைய எண்ணும் அங்கே இருக்கிறது. அவனுக்கு இதுவரை ஒரு தடவைகூட வந்ததில்லை.

இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு என்று வரும் பரிசுகள், மானியங்கள் பலவற்றுக்கு வயது வரம்போ, பட்டம் வாங்கி இத்தனை ஆண்டுக்குள் என்ற வரம்போ இருக்கும். பல இடங்களில் பிள்ளை பெற்ற ஆண்டையும் அதில் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் அப்படிச் செய்வதில்லை. தாய் விண்ணப்பித்தால் பிள்ளை ஒன்றுக்கு 18 மாதத்தை அந்த வரம்போடு கூட்டிக் கொடுக்கிறது. இந்தியாவின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-லேயே, குடும்பத்துக்காக ஆராய்ச்சியை விட்ட பெண்கள் திரும்பி வருவதற்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. இதெல்லாம் சலுகை என்று அன்பருக்குத் தோன்றலாம். ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் மட்டும் நடுவில் நின்று குழந்தைக்குப் பால் கொடுத்தால், அந்த நிமிடத்தைக் கழித்துவிட்டு நேரம் பார்ப்பதைச் சலுகை என்று நான் சொல்லமாட்டேன்.

நம் நாட்டில் 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது, தகப்பனுக்கும் ஏழு நாள் கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால் அது தொழிலாளிக்கான சட்டம். உதவித்தொகையில் ஆராய்ச்சி செய்யும் மாணவி காலை எட்டுக்கு வந்து இரவு எட்டுக்குப் போனாலும் மாணவிதான், தொழிலாளி இல்லை. என் மருமகளின் தோழி ஒருவர் பிரசவத்துக்காக ஒரு பருவம் ஒத்திவைத்தார், ஒத்திவைத்த மாதங்களுக்கு உதவித்தொகை நின்றுவிட்டது. செலவு கூடும் நேரம் பார்த்து வரும்படி நின்றால் எந்தக் குடும்பம் படி படி என்று சொல்லும்?

நம் நாட்டில் வேலைவயதுப் பெண்களில் நூற்றுக்கு 56 பேர் அளவில்தான் தொழிலாளர் சந்தையில் இருக்கிறார்கள், ஆண்களில் 80-க்கு மேல். பல்கலைக்கழக வாசலில் கூட்டமாக நின்ற பெண்கள் எங்கே போனார்கள் என்று அன்பர் யோசித்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டார். எங்கள் மாடியில் பேராசிரியர்களின் பித்தளைப் பெயர்ப்பலகை பதினொன்று இருந்தன. நான்தான் துடைப்பேன். அதில் இரண்டு பெண் பெயர். கீழ்த்தளத்து ஆய்வுக்கூடத்தில் தொங்கும் வெள்ளை அங்கிகளிலோ முக்கால்வாசி சின்ன அளவு. கீழே சின்ன அளவு, மேலே பெரிய அளவு, நடுவில் இரண்டு மாடிப் படிக்கட்டு.

ஏறியவர்கள் இல்லாமல் இல்லை. டைபாய்டு காய்ச்சலைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் டைபிடாட் சோதனையை உருவாக்கிய டாக்டர் அஸ்மா இஸ்மாயில் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர் ஆனார். டாக்டர் மஸ்லான் ஓத்மான் 1981-இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் வான் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி வந்து, நம் தேசியக் கோளரங்கத்தை உருவாக்கி, ஐக்கிய நாடுகளின் விண்வெளி அலுவலகத்துக்குத் தலைவராகவும் இருந்தார். கோலாலம்பூர்ப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் அண்ணாந்து நட்சத்திரம் பார்க்கும் அந்த நீலக் கும்மட்டத்துக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார் என்று எத்தனை ஆசிரியர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள்? ஆனால் மேடையில் இந்த இருவர் பெயரைச் சொல்லிவிட்டு "பார்த்தீர்களா, முடியும்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களால் முடிந்தது, சரி. என் பதிவேட்டில் பெயரே ஏறாமல் போனவர்கள்தான் என் கண்ணில் நிற்கிறார்கள்.

அப்புறம், ஆசிரியர் ஐயா, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் எஸ்பிஎம், எஸ்டிபிஎம் என்னும் அரசாங்கப் பள்ளித் தேர்வுகளின் முடிவு வந்ததும் நீங்கள் மாணவர்களின் படம் போடுகிறீர்கள். தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவில் வென்ற பிள்ளைகளைக் கோப்பையோடு போடுகிறீர்கள். போன மாதம் வந்த ஒரு படத்தில் ஆறு பேரில் நால்வர் பெண் பிள்ளைகள், "நாளைய விஞ்ஞானிகள்" என்று தலைப்பு. படத்தை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் பழைய இதழ்கள் இருக்குமல்லவா? பதினைந்து இருபது ஆண்டுக்கு முந்திய அதே மாதிரிப் படங்களை எடுங்கள். அந்தப் பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு நிருபரை அனுப்பி விசாரித்து, வாரம் ஒருவரைப் போடுங்கள். ஆய்வுக்கூடத்தில் இருப்பவரையும் போடுங்கள், விட்டுவிட்டு வந்தவரையும் போடுங்கள். எந்த ஆண்டில் விட்டார், அன்று வீட்டில் யார் என்ன சொன்னார், ஆய்வுக்கூடத்தில் யார் என்ன சொன்னார் என்று கேளுங்கள்.

பேராக்கிலிருந்து வந்த அந்தப் பெண்ணின் எண் என்னிடம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதுமுன் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். "எழுதுங்க அங்கிள், ஆனா பையனோட கட்டுரை நல்ல கட்டுரைன்னும் சேர்த்து எழுதுங்க, நான் படிச்சேன்" என்றார். எழுதிவிட்டேன். முதல் வாரத்துக்கு நிருபரை அனுப்புவதாக இருந்தால் சொல்லுங்கள், அவரிடம் பேசிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வுக்கூட உதவியாளர்,
செந்தூல், கோலாலம்பூர்.